எழுதிப் பிழைப்பவருக்கு ஒரு சமையலறை டைமர்: எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

பாத்திரக்கடையில் இட்லித் தட்டுக்கும் காய் சீவும் கட்டைக்கும் பக்கத்தில் அட்டையோடு தொங்குமே, பின்னால் காந்தம் வைத்த சின்ன டிஜிட்டல் டைமர், அதைப் பற்றிய மதிப்புரை இது. எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது உதவுமா என்று கேட்டால், கண்டிப்பாக உதவும். இருநூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற பொருள்களில் இதைவிட உருப்படியான எழுத்துக் கருவி கிடையாது. ஆனால் இதை வாங்குகிற பலரும் 25 நிமிடம் வைத்து, அடித்ததும் ஐந்து நிமிடம் எழுந்து, மறுபடி வைத்து, மூன்றாம் வாரத்தில் சலித்துப்போய் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் கருவி இல்லை, அதைக் கையாளும் முறை. ஆகவே பொருளைப் பற்றிப் பாதியும், பயன்படுத்தும் விதம் பற்றிப் பாதியுமாக எழுதுகிறேன்.

முதலில் இது யாருக்குத் தேவை என்று பார்க்கலாம். இங்கே, குமரி மாவட்டத்தில், எழுத்தாளர்கள் பலருக்கு எழுத்துக்கு வெளியே ஒரு தொழில் இருந்தது. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. தோப்பில் முகமது மீரானுக்கு வத்தல் வியாபாரம். பொன்னீலன் கல்வித்துறை அதிகாரி. கடை திறக்கிற நேரமும் ஆபீஸ் போகிற நேரமும் அவர்களுடைய நாளுக்கு வேலி போட்டுக் கொடுத்தன. எழுதக் கிடைப்பது எந்தப் பொழுது என்பது தானாகவே தெரிந்துவிடும். இன்றைக்கு விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளமும் தமிழும் சரளமாகத் தெரிந்து, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், விளம்பர வாசகம், தொடர்கதை என்று செய்கிறவர்களுக்கு அந்த வேலி இல்லை. நாள் முழுக்கக் கையில் இருப்பது போலத் தோன்றும், சாயங்காலம் பார்த்தால் இரண்டு பக்கம்கூடத் தேறியிருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் கருவி. காலையில் எட்டரைக்குப் பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்புகிற ஒருவர் விடியற்காலையில் ஒரு மணி நேரம் எழுதுகிறார் என்றால் அவருக்கு டைமர் அவசியமில்லை, பஸ்ஸே போதும்.

கடையில் மூன்று வகை கிடைக்கிறது. முறுக்கிவிடும் ஸ்பிரிங் டைமர் பார்க்க அழகு. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் மாணவராக இருந்தபோது 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற முறையை உருவாக்கியது தக்காளி வடிவத்தில் இருந்த இப்படி ஒரு டைமரை வைத்துத்தான். பேட்டரி செலவு இல்லை, முறுக்கும்போதே வேலை தொடங்குகிற உணர்வு வரும். குறைகளும் உண்டு. டிக் டிக் சத்தம் நிற்காது. விடிகாலை ஐந்து மணி அமைதியில் அது எரிச்சல் மூட்டும். குறைந்த நேரம் வைக்கவேண்டுமென்றால் முதலில் 15 நிமிடத்தைத் தாண்டித் திருப்பிவிட்டு, பிறகு வேண்டிய எண்ணுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கில் போதிய முறுக்கு ஏறாமல் கடைசியில் மணி அடிக்காது. ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆவதும் சகஜம். எல்லாவற்றையும்விட, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரிக் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். உப்புக்காற்றுக்கு உள்ளேயிருக்கும் இரும்பு ஸ்பிரிங் துருப்பிடித்துப் பாதியிலேயே நிற்கும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நேரம் எழுதி, புரட்டி வைத்தால் ஓடத் தொடங்கும் கட்டை டைமர் வசதியானதுதான், ஆனால் அதில் இருக்கும் நேரங்களைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. செல்போனிலேயே டைமர் இருக்கிறதே என்பார்கள். டைமர் வாங்குவதே போனை வேறு அறையில் வைக்கத்தான், அதனால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மிச்சமிருப்பது காந்தம் ஒட்டிய டிஜிட்டல் டைமர். நான் பரிந்துரைப்பது இதைத்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பாத்திரக்கடைகளிலும் ஃபேன்சி கடைகளிலும் கேட்டுப் பாருங்கள், ஆன்லைனிலும் கிடைக்கும். ஆனால் கையில் எடுத்துச் சோதித்து வாங்குவது நல்லது, ஏனென்றால் வெளியே ஒரே மாதிரி இருக்கிற இரண்டு டைமருக்கு உள்ளே வித்தியாசம் நிறைய. அட்டையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, ஒரு நிமிசம் வச்சு அடிக்கவிட்டுப் பாக்கணும்" என்றால் யாரும் மறுப்பதில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டியவை இவை. சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? யாரும் அணைக்காவிட்டால் ஒரு நிமிடம் வரை அடிப்பதே சரியானது. நாலைந்து பீப்போடு நிற்பதை விட்டுவிடுங்கள், எழுத்தில் மூழ்கியிருக்கும்போது அது காதில் விழாது. அடித்து ஓய்ந்த பிறகு பழைய எண்ணுக்கே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் ஒவ்வொரு முறையும் நிமிடப் பொத்தானை அழுத்தி 45 வரை ஏற்ற வேண்டியிருக்கும், அந்தச் சின்னத் தொந்தரவே நாலாம் நாள் சோம்பலுக்குக் காரணமாகிவிடும். அடுத்தது முக்கியமான சோதனை: நிமிடப் பொத்தானையும் விநாடிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு, ஸ்டார்ட்டை அழுத்துங்கள். 00:01, 00:02 என்று மேல்நோக்கி எண்ண வேண்டும். எண்ணாத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். பிறகு பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். ஒற்றை ஏஏஏ பேட்டரி போடுவது நல்லது. பட்டன் செல் போடுகிறவை அருமனை மாதிரிச் சின்ன ஊரில் இருக்கிறவர்களுக்கு அலைச்சல். கடைசியாகக் கடையின் இரும்பு ராக்கில் ஒட்டிப் பார்த்து, லேசாகத் தட்டுங்கள். வழுக்கி இறங்கினால் காந்தம் போதாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு வாரத்துக்கு நேரம் எதுவும் வைக்காதீர்கள். பூஜ்யத்திலிருந்து மேல்நோக்கி ஓடவிட்டு எழுத உட்காருங்கள். தானாக எழுந்திருக்கத் தோன்றும்போது நிறுத்தி, எவ்வளவு ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். இரண்டாம் வாரக் கடைசியில் அந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைப் பாருங்கள். 22, 31, 34, 38, 50 என்று இருந்தால் நடு எண் 34. அதிலிருந்து நாலு நிமிடம் குறைத்து 30 என்று உங்கள் அமர்வு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இயல்பாக உட்கார முடிகிற நேரத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்தால்தான் மணி அடிக்கும்போது 'இன்னும் கொஞ்சம் எழுதலாமே' என்ற ஆசை மிஞ்சும். அந்த ஆசைதான் அடுத்த அமர்வுக்குக் கூட்டிவரும். மாதம் ஒருமுறை இரண்டு நாள் இப்படி மேல்நோக்கி அளந்து, நேரத்தைக் கூட்டலாமா என்று பாருங்கள். பழக்கம் ஏறியவர்களுக்குக் கதை, மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் 40, 45 நிமிடம் சரியாக வரும்.

25 நிமிடக் கணக்கு ஏன் பலருக்குச் சரிவருவதில்லை என்பதும் இதிலேயே தெரியும். முதல் அமர்வில் நேற்று எழுதியதைப் படித்து, குரலைப் பிடிக்கவே பத்து நிமிடம் போகும். மொழிபெயர்ப்பில் மூலத்தின் ஒரு பத்தியை இரண்டு தடவை வாசித்து, வாக்கியத்தை எங்கே உடைப்பது என்று முடிவு செய்ய ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு மிஞ்சுவது பதினைந்து, இருபது நிமிடம்தான். கை ஓடத் தொடங்கும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் வரும். மெய்ப்புப் பார்ப்பது, பின்குறிப்பு சரிபார்ப்பது, பில் அனுப்புவது போன்ற வேலைகளுக்கு 25 நிமிடம் அருமையாகப் பொருந்தும். கண் சோர்வதற்குள் நிறுத்திவிடும்.

டைமரை எங்கே வைப்பது என்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். மேசையில் கண்ணெதிரே வைத்தால் இரண்டு வரிக்கு ஒருதரம் பார்வை அதில் போகும். எழுந்து நாலடி நடந்தால்தான் எட்டுகிற தூரத்தில், இரும்பு பீரோவின் பக்கவாட்டில், எண் உங்களுக்குத் தெரியாத திசையில் ஒட்டுங்கள். மணி அடித்ததும் எழுந்தே ஆகவேண்டும். முதுகுக்கும் கண்ணுக்கும் அதுவே ஓய்வு. எவர்சில்வர் அலமாரியில் சில நேரம் காந்தம் ஒட்டாது. நல்ல தரமான எவர்சில்வர் பலவும் காந்தத்தைப் பிடிப்பதில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பின்பக்கத்துச் சத்தத் துளையின் மேல் இரண்டு சுற்று செல்லோ டேப் ஒட்டுங்கள், ஒலி பாதியாகக் குறையும்.

மணி அடித்தால் பத்தியை முடித்துவிட்டு எழுகிறேன் என்று உட்காரக் கூடாது. அந்த வாக்கியத்தை முடியுங்கள். அடுத்து என்ன வரும் என்பதை ஒரு வரியில் குறியுங்கள். எழுந்துவிடுங்கள். பத்து நிமிடம் முற்றத்தில் நடக்கலாம், கட்டஞ்சாயா போடலாம், போனைத் தொடக்கூடாது. திரும்பி வரும்போது குறித்த வரி காத்திருக்கும், வெள்ளைத்தாளைப் பார்த்து விழிக்க வேண்டியதில்லை.

இனி, இந்தக் கருவியின் மிகப் பெரிய ஓட்டை. ஸ்டார்ட் பொத்தானே நிறுத்தும் பொத்தானும். கேஸ் சிலிண்டர் வந்தது, எழுந்து ஒரு அழுத்து. திரும்பி வந்து இன்னொரு அழுத்து, விட்ட இடத்திலிருந்து ஓடும். மீன்காரர் வந்தார், ஒரு அழுத்து. கொரியர், ஒரு அழுத்து. இப்படியே போனால் டைமர் 45 நிமிடம் என்று சொல்லும்போது சுவர்க்கடிகாரத்தில் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். எழுதுகிறவர் தான் 45 நிமிடம் உழைத்ததாக நம்புவார். உண்மையில் அதில் முக்கால்வாசி, ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்ததிலேயே போயிருக்கும். ஆகவே விதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: எழுந்தால் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. உடைந்த அமர்வு கணக்கில் சேராது. முதல் வாரம் கொடுமையாக இருக்கும். இரண்டாம் வாரத்தில் எந்த நேரத்தில் எழுத உட்கார்ந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும், எழுதுகிற பொழுது தானாகவே அங்கே நகரும். வயதானவர்களையோ சின்னப் பிள்ளைகளையோ பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இந்த விதி அநியாயம். அவர்கள் அமர்வையே 20 நிமிடமாக்கிக்கொண்டு, எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளட்டும்.

டைமர் மட்டும் போதாது. கூடவே நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி வேண்டும். அதில் நாளுக்கு நாலு விவரம்: உட்கார்ந்த நேரம், அமர்வுகள், சொல் எண்ணிக்கை, நாளைய முதல் வரி. உதாரணத்துக்கு ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "செவ்வாய். 5.20. 45 + 45 + 45. 760. நாளை: கிழவி கதவைத் திறக்கிறாள், சாவி அவள் கையில் இல்லை." இவ்வளவுக்கு மேல் எழுதத் தொடங்கினால் டைரியே ஒரு வேலையாகிவிடும். எழுதாத நாளுக்கு ஒரே ஒரு சொல்: கரண்டு, மழை, கல்யாணம், பல்வலி. சாக்குகளை விவரித்து எழுத வேண்டாம். மூன்று மாதம் கழித்து அந்தச் சொற்களை எண்ணிப் பாருங்கள். 'கரண்டு' பத்துத்தடவை வந்தால் கையால் எழுதப் பழக வேண்டும், 'கல்யாணம்' பத்து வந்தால் முகூர்த்த மாதத்தில் கெடு வாங்கக்கூடாது.

சொல் எண்ணிக்கையை வைத்துக் கெடுவைக் கணக்கிடலாம். ஓர் அமர்வுக்கு 250 சொல், நாளுக்கு மூன்று அமர்வு என்றால் 750. வாரம் ஐந்து நாளில் 3,750. 60,000 சொல் நாவலை மொழிபெயர்க்க 16 வாரம். திருத்தத்துக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 21 வாரம் தாண்டும். பதிப்பகத்தில் மூன்று மாதத்தில் முடியுமா என்று கேட்டால், முடியாது, ஆறு மாதம் வேண்டும் என்று தைரியமாகச் சொல்ல இந்தக் கணக்கு போதும். உங்கள் சொந்த எண்ணை வைத்துப் போடுங்கள், வேறொருவருடைய வேகம் உங்களுக்கு உதவாது. தமிழில் 250 சொல் என்பது கைக்கு நல்ல வேலை. விகுதிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்பதால், எண்ணிக்கை குறைவாகத் தெரிந்து மனசு சோர்வடையும். அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லும் ஆயிரம், இரண்டாயிரத்தோடு ஒப்பிட வேண்டாம்.

நாளுக்குக் குறைந்தபட்சம் ஓர் அமர்வு, வழக்கமாக மூன்று, அதிகபட்சம் நாலு. இந்த உச்சவரம்பைத்தான் யாரும் மதிப்பதில்லை, இருப்பதிலேயே முக்கியமானது அதுதான். மலைப்பக்கம் ரப்பர் மரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டுகிறார்கள். தினமும் வெட்டினால் கொஞ்சகாலம் பால் கூடுதலாகத்தான் கிடைக்கும், பிறகு பட்டை வறண்டு அந்த மரத்தில் பால் நின்றுபோகும். எழுதுகிறவரும் கை ஓடுகிறதே என்று ஒருநாள் ஏழு அமர்வு உட்கார்ந்தால், அடுத்த இரண்டு நாள் ஒன்றும் வராது, ஏழாம் அமர்வில் எழுதியதில் பெரும்பகுதியைத் திருத்தவும் வேண்டியிருக்கும். அதுபோல விட்டுப்போன நாளின் கணக்கை மறுநாள் தலையில் ஏற்றவே கூடாது. நேற்றைய மூன்றும் இன்றைய மூன்றும் சேர்ந்து ஆறு என்று வைத்தால், ஆறு முடியாமல் நாளை ஒன்பதாகும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் மொத்தமாகக் கைவிடுகிறார்கள்.

தினமும் எழுதுவதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகனை. மகாபாரதத்தை வெண்முரசு என்ற பெயரில் 26 நாவல்களாக, 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். அதைப் பார்த்து நாமும் நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று தொடங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். அங்கேகூட ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இடைவெளியை.

ஆகவே டைரி வாங்கிய அன்றே ஓய்வு நாள்களைக் குறித்துவிடுங்கள். வாரத்தில் ஒருநாள், அது ஞாயிறோ வெள்ளியோ, உங்கள் வீட்டு வழக்கப்படி. அதோடு இந்த மாவட்டத்துக்கே உரிய பத்து நாள் விழாக்கள்: மாசியில் மண்டைக்காடு கொடை, நவம்பர் கடைசியில் தொடங்கும் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம். இவற்றில் எது உங்கள் வீட்டுப் பக்கமோ, அந்தப் பத்து நாளும் ஒலிபெருக்கிச் சத்தத்தில் டைமர் அடிப்பதே கேட்காது. அந்த வாரங்களில் ஓர் அமர்வு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், குற்ற உணர்ச்சி இல்லாமல் திருவிழாவுக்கும் போகலாம், தொடர்ச்சியும் அறுபடாது.

மழையும் அப்படியே. இங்கே ஜூனில் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு, இரண்டு பருவமும் பெய்யும். கரண்டு போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. டைமர் பேட்டரியில் ஓடும், லேப்டாப் சில மணி நேரத்துக்கு மேல் ஓடாது. மழைக்காலத்துக்கென்று தாளில் செய்கிற வேலையை ஒதுக்கி வையுங்கள்: அச்செடுத்த பிரதியில் திருத்தம், அடுத்த அத்தியாயத்தின் கைப்படி. ஈரக்காற்றில் மலிவு டைரித்தாள் மையை உறிஞ்சி எழுத்து பூத்துப்போகும், ஆகவே மைப்பேனாவும் ஜெல் பேனாவும் வேண்டாம், பால்பாயிண்ட் பேனா போதும். டைரியைத் தரையிலோ சுவரை ஒட்டியோ படுக்கவைக்காமல் மற்றப் புத்தகங்களோடு நிறுத்தி வைத்தால் எளிதில் பூஞ்சை பிடிக்காது.

பழுது என்று பார்த்தால் இந்த டைமருக்குப் பெரும்பாலும் இரண்டுதான். பல மாடல்களில் அணைக்கும் சுவிட்சே கிடையாது, திரையில் எண் எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். அதற்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பேட்டரியை மறந்துவிடுவோம், அது உள்ளேயே கசிந்து தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படியும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, உலர்ந்த பஞ்சால் மறுபடி துடைத்து, அரைமணி நேரம் காயவிட்டுப் புதுப் பேட்டரி போடுங்கள். ஒரு மாதம் ஊரில் இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, பொத்தான் ஒரு அழுத்துக்கு வேலை செய்யாமல் மூன்று அழுத்துக்கு வேலை செய்வது. பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினால் ரப்பர் பொத்தான்களுக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றையும் அவை தொடுகிற தகட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் சரியாகும். அழுத்தித் தேய்த்தால் கறுப்புப் பூச்சு உரிந்துவிடும், அதன் பிறகு புதிதுதான் வாங்க வேண்டும்.

இந்த விலைக்கு உத்தரவாதச் சீட்டு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பில் கேட்டு வாங்குங்கள், பழுது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், உள்ளூர்க் கடைக்காரர் மாற்றித் தருவார். டைரியை டிசம்பரில் வாங்க அவசரப்படாதீர்கள். ஜனவரி பாதிக்கு மேல் கடைகளில் மிஞ்சியவை விலை இறங்கும், இந்தக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்கினாலும் ஓடும்.